கணுக்கால் காப்பும் உறங்கும் தசையும்

கொழும்பில் எந்தப் பாடசாலையின் வலைப்பந்தாட்டத் திடலுக்குச் சென்றாலும் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுகின்றது. "காப்புப் போட்டுப் பழகாதே, தசை தூங்கிப் போய்விடும்" என்பதே அது. பயிற்றுநர் அதைச் சொல்கிறார். அவருக்கு அவருடைய பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அம்மம்மா அதையே வேறு சொற்களில் ஆமோதிக்கிறார். அதே மாணவி மாலையில் தந்தையுடன் வெள்ளவத்தைக் காலி வீதியின் பாமசி ஒன்றுக்குள் நுழைந்தால் அங்கே வேறொரு வேதம் ஓதப்படுகின்றது. "இதைப் போட்டுக்கொண்டால் நாளைக்கே ஓடலாம்" என்று ஒரு பெட்டியை மேசையில் வைக்கிறார் விற்பனையாளர்.

கடைக்காரர் அதனை 'அங்கிள் சப்போட்' என்பார். மருத்துவர்கள் 'பிரேஸ்' என்பார்கள். நான் இந்தப் பத்தியில் கணுக்கால் காப்பு என்றே எழுதுகிறேன்.

திடலில் சொல்லப்படுவதும் பிழை, பாமசியில் சொல்லப்படுவதும் பிழை என்பது என் கருத்து. முதலாவது பிழை, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை வெறுங்காலுக்குச் சமமான நிலையில் களத்தில் இறக்குகின்றது. இரண்டாவது பிழை, குணமடையாத காலுக்கு ஓர் உறையை மாட்டிக் களத்தில் இறக்குகின்றது. இரண்டின் முடிவும் பெரும்பாலும் ஒன்றே. முதற் சுளுக்கைத் தொடர்ந்து இரண்டாவது வருகின்றது. இரண்டாவதைத் தொடர்ந்து மூன்றாவது. அதன் பின்னர் குடும்பம் கூடிப் பேசி, "விளையாட்டுப் போதும், சாதாரண தரப் பரீட்சையைப் பார்" என்று தீர்ப்பளிக்கின்றது. ஆண் பிள்ளை என்றால் மேன்முறையீட்டுக்கு ஓரளவு இடமுண்டு. பெண் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

கலைப் பட்டதாரியான எனக்கு எலும்பையும் தசையையும் பற்றிப் போதிக்கும் தகுதி இல்லை. ஆனால் கேட்டும் வாசித்தும் ஒப்பிட்டும் எழுதுவது முப்பது ஆண்டுகளாக என் தொழில். அந்த அளவில், இந்த 'உறங்கும் தசை' பற்றி உலகத்தில் என்ன பரிசோதித்திருக்கிறார்கள், என்ன கண்டிருக்கிறார்கள் என்பதை நம்மவர்க்குத் தெரியும் தமிழில் சொல்ல முயல்கிறேன்.

வலைப்பந்தாட்டத்தை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் பெண்கள் விளையாடும் விளையாட்டுகளில் நாடு தலைநிமிர்ந்து நிற்பது இதில்தான். 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றார்கள். 2022 செப்டெம்பர் 11 ஆம் திகதி, அதே சிங்கப்பூரில், அதே சிங்கப்பூர் அணியை 63 - 53 என்று வென்று மீண்டும் கிண்ணத்தை ஏந்தினார்கள். அன்றுதான் டுபாயில் நமது ஆடவர் துடுப்பாட்ட அணியும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. எரிபொருள் வரிசையில் நின்று களைத்த ஒரு நாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கிண்ணங்கள்! அந்த வலைப்பந்தாட்ட வரலாற்றின் நடுவில் யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கம் நிற்கிறார். 6 அடி 10 அங்குல உயரமுடைய இவர் 2019 இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிகமான கோல்களைப் போட்டார். அவரைப் பார்த்துப் பந்தைக் கையிலெடுத்த தமிழ்ச் சிறுமிகள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கொழும்பிலும் பலர். அந்தச் சிறுமிகளின் கணுக்கால்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

வலைப்பந்தாட்டம் கணுக்காலை வதைக்கும் விளையாட்டு. கூடைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். இதில் ஓட முடியாது. பாய்ந்து பந்தைப் பிடித்தவள் எந்தக் காலை முதலில் ஊன்றினாளோ அந்தக் காலிலேயே உடம்பின் வேகம் முழுவதையும் அடக்கி நிறுத்த வேண்டும். அந்தக் காலைத் தூக்கினால் மீண்டும் நிலத்தில் வைப்பதற்கு முன் பந்தை விட்டுவிட வேண்டும். ஓட்டம், பாய்ச்சல், திடீர் நிறுத்தம், திரும்பல் என்று நான்கு பதினைந்து நிமிடங்கள் இது தொடர்கின்றது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த விளையாட்டின் காயங்களை எண்ணியவர்கள், அடிக்கடி காயமுறுவது கணுக்காலே என்று மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். அங்கே உயர்மட்டப் போட்டிகள் உள்ளகத் தரையில் நடைபெறுகின்றன. நமது பிள்ளைகளிற் பலர் ஆடுவது வெடிப்பு விழுந்த சீமெந்திலும் தார்த் தரையிலும், மழை பெய்தால் சேறாகும் கிறவல் திடலிலும்.

சுளுக்கு என்றால் என்ன? நம் வழக்கில் "நரம்பு பிரண்டுவிட்டது" என்கிறோம். பிரண்டதைத் தடவி நேராக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கின்றது. உண்மையில் அங்கே நரம்பு எதுவும் பிரள்வதில்லை. கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மூன்று நார்ப்பட்டைகள் உள்ளன. பாதம் உட்புறமாக மடங்கும்போது இவற்றுள் முன்னாலிருப்பதே வழக்கமாக முதலில் கிழிகின்றது. சுளுக்கு என்பது கிழிசல். சிலவேளை சிறு கிழிசல், சிலவேளை முழுக் கிழிசல். கிழிந்த நாரை முதல் நாளே அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடுமேயன்றிக் குறையாது.

இந்த நார்களுக்குத் துணையாக இயற்கை ஒரு காவலனை வைத்திருக்கின்றது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் காலின் வெளிப்பக்கமாக இறங்கி, வெளிக் கணுவின் பின்னால் வளைந்து, உள்ளங்காலின் அடியில் போய்ச் சேரும் ஒரு நீண்ட தசை அது. 'பெரோனியஸ் லோங்கஸ்' என்று மருத்துவர்கள் அழைப்பார்கள். பாதம் உட்புறம் மடங்கப் பார்த்தால் அதனை வெளிப்புறம் இழுத்து நிமிர்த்துவது இதன் வேலை. நமது பயிற்றுநர்கள் "தூங்கிவிடும்" என்று அஞ்சுவது இந்தத் தசையைத்தான். காப்பு அந்த வேலையைச் செய்துவிட்டால் தசை வேலையை மறந்துவிடும் என்பது அவர்களின் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றது. அதனால்தான் விஞ்ஞானிகளும் அதைப் பரிசோதித்தார்கள்.

பரிசோதனைச் சாலையில் ஒரு பலகை இருக்கும். அதன் மேல் ஒருவரை நிற்க வைப்பார்கள். அவருடைய காலின் வெளிப்பக்கத் தசையின் மேல் தோலில் சிறு மின்வாய்களை ஒட்டுவார்கள். தசை சுருங்கும்போது மிக மெல்லிய மின்குறி எழும். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதுபோலத் தசைக்கு எடுப்பது ஈ.எம்.ஜி. எதிர்பாராத கணத்தில் காலடிப் பலகை ஒருபுறம் சரியும். பாதம் உட்புறம் மடங்கத் தொடங்கும். பலகை சரிந்த கணத்துக்கும் தசையின் மின்குறி எழுந்த கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அளப்பார்கள். தசை தூங்குகின்றது என்றால் இந்த நேரம் நீள வேண்டும் அல்லவா?

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோர்டோவாவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இதே கேள்வியோடு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலில் காயமில்லாத 20 பேரைத் தெரிந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாடாவால் இறுக்கும் காப்பையும், இன்னொரு குழு இருபுறமும் விறைப்பான தகடுள்ள காப்பையும் அணிந்தது. மூன்றாவது குழு எதுவும் அணியவில்லை. காப்பு அணிந்தவர்கள் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 5 நாள், மொத்தம் 8 வாரம் அணிந்தார்கள். எந்த விளையாட்டு வீராங்கனையும் அணிவதைவிட இது மிக அதிகம். முடிவில் தசை எழும் நேரம் மூன்று குழுக்களுக்கிடையிலும் வேறுபடவில்லை. தூங்கவில்லை, சோம்பவில்லை, மறக்கவுமில்லை.

ஒரேயோர் ஆய்வை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பது உண்மை. மறுபக்கச் சாட்சியங்களையும் வாசகர் முன் வைத்துவிடுகிறேன். ஏற்கெனவே பலமுறை சுளுக்கி, கணுக்கால் தளர்ந்துபோனவர்களுக்குக் காப்பு அணிவித்து நடக்கவும் தாவவும் விட்டுப் பார்த்த ஆய்வுகள் உள்ளன. அவற்றிற் சிலவற்றில், காப்பு அணிந்திருக்கும்போது காலின் சில தசைகளுடைய மின்குறி குறைந்திருந்தது. அல்லது எழும் கணம் மாறியிருந்தது. வேறு சில ஆய்வுகளில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. நமது பயிற்றுநர்கள் இவற்றைக் கண்டால் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி" என்பார்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்பவரை எண்ணிப் பாருங்கள். மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவருடைய கால் தசைகள் பிடிக்காமல் நிற்கும்போது செய்யும் வேலையைவிடக் குறைவாகவே செய்யும். அந்த வேளையில் மின்வாய் ஒட்டிப் பார்த்தால் மின்குறி குறைந்திருக்கக்கூடும். அதற்காகப் பாணந்துறையிலிருந்து கோட்டைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருபவரின் கால் நாளடைவில் மெலிந்துவிடும் என்று எவரும் சொல்வதில்லை. அணிந்திருக்கும் கணத்தில் தசை குறைவாக வேலை செய்வது ஒன்று. அணிந்து பழகியதால் தசை பலவீனமாவது வேறொன்று. முதலாவது சிலவேளை நிகழ்கின்றது. இரண்டாவது நிகழ்கின்றது என்பதற்கு நல்ல சான்று கிடையாது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சீமெந்துக் கட்டிலிருந்து வந்தது என்பது என் ஊகம். கை கால் முறிந்து ஆறு வாரம் 'பிளாஸ்டர்' போட்டிருந்து, அதை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்த உறுப்பு குச்சிபோல மெலிந்திருப்பதைக் காணாத குடும்பம் நம்மிடையே இல்லை. ஆனால் சீமெந்துக் கட்டு மூட்டை முற்றாக அசையவிடாமல் இரவும் பகலும் பூட்டி வைக்கின்றது. விளையாட்டுக் காப்பு அப்படியன்று. பாதம் மேலும் கீழும் அசைவதற்கு அது பெருமளவு இடமளிக்கின்றது. பக்கவாட்டில் மடங்குவதை மட்டும் தடுக்கின்றது. பயிற்சி முடிந்தால் கழற்றி வைத்துவிடலாம். இரண்டையும் ஒன்றெனக் கருதியதால் ஒரு சரியான அவதானிப்பிலிருந்து ஒரு பிழையான முடிவு பிறந்துவிட்டது.

இதைவிட முக்கியமான இன்னொரு செய்தி அந்தச் சரியும் பலகையிலிருந்தே கிடைத்தது. பலகை சரிந்த பின் தசையின் மின்குறி எழுவதற்கு 50 முதல் 80 மில்லி செக்கன் வரை ஆகின்றது. ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஐம்பது, அறுபது துண்டுகள். மின்குறி எழுந்த பின்னரும் தசை இழுத்துப் பிடிப்பதற்கு மேலும் சில பத்துத் துண்டுகள் வேண்டும். பாய்ந்து இறங்கும்போது கால் மடங்கினால் அதற்குள்ளாகவே நார் கிழியும் அளவுக்கு மடங்கிவிடக்கூடும். அதாவது விழித்திருக்கும் தசைகூடப் பல வேளைகளில் பிந்தியே வருகின்றது. வீட்டுக்காரன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கள்ளன் போன பின் எழும்பிப் பயனில்லை.

ஆகவே காலைக் காப்பது மடங்கிய பின் எழும் எதிர்வினை அல்ல. நிலத்தைத் தொடுவதற்கு முன்னரே தசை தன்னைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். பாதம் நேராக இறங்க வேண்டும். இந்த முன்னாயத்தம் பயிற்சியால் வருவது. காப்பு உதவுவதும் இதே இடத்தில்தான். பாதம் கோணலாக இறங்காமல் அது நேரே பிடித்து வைக்கின்றது. பயிற்சியும் காப்பும் பகைவர்கள் என்று நம் திடல்களில் ஏன் கருதுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே வாசலில் நிற்கும் இரண்டு காவலாளிகள்.

மின்குறிக் கதை போதும். காப்பு அணிந்தால் சுளுக்குக் குறைகின்றதா இல்லையா என்று வாசகர் கேட்கலாம். அதுவே சரியான கேள்வி. 1994 இல் அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் கூடைப்பந்தாடிய 1601 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. விறைப்பான காப்பு அணிந்தவர்களிடம் கணுக்கால் காயம் தெளிவாகக் குறைந்தது. 2011 இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் 46 உயர்நிலைப் பாடசாலைகளில் கூடைப்பந்தாடிய 1460 மாணவ மாணவியரிடம் மக்குவைனும் குழுவினரும் நடத்திய ஆய்வு வெளியானது. நாடாக் காப்பு அணிந்தவர்களிடம், ஆயிரம் தடவை களமிறங்கியதற்கு 0.47 என்ற வீதத்தில் கணுக்காற் காயம் ஏற்பட்டது. அணியாதவர்களிடம் அது 1.41. மூன்றில் ஒரு பங்கு! கணுக்காலைக் காத்தால் பாரம் முழங்காலுக்குப் போய்விடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. அந்த ஆய்வில் முழங்காற் காயம் கூடியதாகத் தெரியவில்லை. வேகமும் பாய்ச்சலும் குறைகின்றனவா என்று அளந்தவர்கள் கண்ட இழப்பும் ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவில் மிகச் சிறியதே.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கின்றது. பாமசிக்காரர் அதைக் கேட்க வேண்டும். காப்பு அணிந்தவர்களிடம் காயங்களின் எண்ணிக்கை குறைந்தது; காயம் ஏற்பட்டவர்களிடம் அதன் கடுமை குறையவில்லை. காப்பு கவசமன்று. குணமாகாத காலைக் குணமாக்கும் மருந்துமன்று.

பயிற்சியின் பக்கம் வருவோம். 2009 இல் நெதர்லாந்தில் ஹூப்பரெட்ஸும் குழுவினரும், அண்மையில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரு சாராரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றார்கள். ஒரு சாரார் கூடுதலாக 8 வாரங்கள், வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு அதிகமானால் அரை மணித்தியாலம், வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு எவரும் இல்லை. ஓராண்டு முடிவில், பயிற்சி செய்தவர்களுள் 22 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களுள் 33 சதவீதத்தினருக்கும் மீண்டும் சுளுக்கியிருந்தது.

அதே நாட்டில் 2014 இல் ஜான்சனும் குழுவினரும் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். 384 பேர், மூன்று குழுக்கள். முதற் குழு 8 வாரப் பயிற்சி மட்டும் செய்தது. இரண்டாவது குழு ஓராண்டு முழுவதும் விளையாடும்போது காப்பு அணிந்தது. மூன்றாவது குழு 8 வாரம் பயிற்சியும் அந்த 8 வாரத்துக்கு மட்டும் காப்பும். ஓராண்டில் மீண்டும் சுளுக்கியவர்கள்: பயிற்சிக் குழுவில் 27 சதவீதம், காப்புக் குழுவில் 15 சதவீதம், இரண்டும் சேர்ந்த குழுவில் 19 சதவீதம். காப்பு அணிந்தால் தசை தூங்கி மேலும் மேலும் சுளுக்கும் என்ற கொள்கை உண்மையானால், ஓராண்டு அணிந்தவர்களே அதிகம் சுளுக்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. ஒரு முறை சுளுக்கிய பிள்ளை அடுத்த ஓராண்டு விளையாடும்போதெல்லாம் காப்பு அணிவது நல்லது. அதனோடு குறைந்தது 8 வாரம் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். ஏனெனில் காப்பு திடலில் மட்டுமே கூட வரும். மாடிப்படியிலும் மழைக்கால நடைபாதையிலும் தசைதான் துணை. கூடைப்பந்தாட்ட நட்சத்திரம் ஸ்டீபன் கரி செய்ததும் இதுவே. 2011 இலும் 2012 இலும் கணுக்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அவர். "இவருடைய காலை நம்பிப் பணம் போட முடியாது" என்று அந்நாளில் பேசினார்கள். அவர் இரு கால்களிலும் காப்பு அணிந்து விளையாடினார். கணுக்காலின் பாரத்தைப் பங்கிடும்படி இடுப்புத் தசைகளையும் கடுமையாகப் பயிற்றுவித்தார். பின்னர் நான்கு முறை சாம்பியன் அணியில் நின்றார். அவருடைய தசை உறங்கியதாக எவரும் முறையிடவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைக்குச் சுளுக்கினால் நடப்பது என்ன? முதல் நாள் புளியும் உப்பும் மஞ்சளும் காய்ச்சிப் பற்றுப் போடுகிறோம். இரண்டாம் நாள் முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறோம். அந்த வைத்திய மரபில் தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் இருக்கின்றது. அதைப் பழித்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எலும்பு முறிந்ததா இல்லையா என்பதைக் கையால் தடவி மட்டும் முடிவு செய்யக் கூடாது. 1992 இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதற்கென எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அது பயன்படுகின்றது. காயப்பட்ட உடனும் மருத்துவரிடம் வந்த பின்னரும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்புகளின் பின்விளிம்பை அல்லது நுனியை அழுத்தும்போது நோ எடுத்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோன்ற விதி உண்டு. எக்ஸ்ரே அரசாங்க வைத்தியசாலையில் இலவசம், இயன்மருத்துவமும் இலவசம். கொழும்பு 7 இல் விளையாட்டுத்துறை அமைச்சின் விளையாட்டு மருத்துவ நிறுவனமும் இருக்கின்றது. இவற்றை நாடிச் செல்லும் பெற்றோர் எத்தனை பேர்?

மூன்றாம் நாள் பாமசியில் வாங்குவது பெரும்பாலும் துணியாலான மீள்தன்மை உறை. சூட்டையும் தைரியத்தையும் தருவதோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது. பக்கவாட்டில் மடங்குவதை அது தடுப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அந்த உறையைப் பற்றியவை அல்ல. நாடாவால் இறுக்குவதும் தகடு வைத்ததும் விலை கூடியவை. 2022 இல் ரூபா விழுந்த பின் இறக்குமதிப் பொருளின் விலை எங்கே போயிற்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒட்டும் பட்டியைச் சுற்றலாம் என்பார்கள். அதைத் தினமும் புதிதாகச் சுற்ற வேண்டும். சுற்றத் தெரிந்தவரும் வேண்டும். ஓடத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் அதன் இறுக்கமும் பெருமளவு தளர்ந்துவிடும். ஆக, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் காப்பு, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு "தசை தூங்கிவிடும்" என்ற உபதேசம். உபதேசத்துக்குச் செலவில்லை அல்லவா?

பயிற்றுநர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. நம் பாடசாலைகளில் அவர்கள் பலர் சொற்ப ஊதியத்துக்கு அல்லது ஊதியமே இன்றி உழைக்கிறார்கள். அடுத்த வாரம் வலய மட்டப் போட்டி, அணியில் ஏழு பேர், அவர்களில் ஒருத்தி நொண்டுகிறாள். அதிபர் கிண்ணத்தைக் கேட்கிறார். அந்த நிலையில் "இன்னும் நான்கு வாரம் ஓய்வு" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? சொல்வதற்கு அவருக்குப் பின்னால் ஒரு விதி இருக்க வேண்டும். சுளுக்கிய மாணவி, காயப்பட்ட காலில் தனியே நின்று தாவி, திசைமாறி ஓடி, நோ இல்லை என்று காட்டும் வரை அணிப் பட்டியலில் இடமில்லை என்று பாடசாலையே விதி வகுத்தால், பயிற்றுநரும் தப்புவார், பிள்ளையும் தப்புவாள்.

சமநிலைப் பயிற்சிக்குப் பணம் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்றல். பின்னர் கண்ணை மூடிக்கொண்டு நிற்றல். ஒற்றைக் காலில் நின்றபடி பந்தைப் பிடித்தெறிதல். மடித்த பாயின் மேல் நின்று அதையே செய்தல். சிறிது பாய்ந்து ஒற்றைக் காலில் ஆடாமல் இறங்குதல். இவ்வளவுதான். சுளுக்கியவள் இதை வீட்டில் முறையாகச் செய்ய வேண்டும். சுளுக்காதவர்களும் பயிற்சி தொடங்குமுன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தமது வலைப்பந்தாட்டச் சிறுமிகளுக்கு இத்தகைய ஆயத்தப் பயிற்சித் திட்டங்களை நாடளாவிய ரீதியில் நடத்துகின்றன. அவர்களிடம் இருப்பது மந்திரமன்று, ஒழுங்கு.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இயங்கும் நமது பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் எவ்வளவோ செய்கின்றன. நன்றியோடு நினைவுகூர வேண்டியவை அவை. ஆனால் அனுப்பப்படுவது பெரும்பாலும் நிழற்படத்தில் தெரியும் பொருளாகவே இருக்கின்றது. சங்கத்தின் பெயர் பொறித்த மேற்சட்டை, கேடயம், பரிசளிப்பு மேடைப் பதாகை. அடுத்த முறை ஓர் அணிக்கு மூன்று அளவுகளில் பத்து நல்ல காப்புகளை வாங்கி அனுப்பிப் பாருங்கள். அவற்றைப் பாடசாலையின் உடைமையாக வைத்து, சுளுக்கியவளுக்கு ஓராண்டுக்குக் கொடுத்து, பின் கழுவி அடுத்தவளுக்குக் கொடுக்கலாம். நூலகப் புத்தகத்தை இரவல் கொடுப்பதுபோலத்தான். அதோடு, விடுமுறையில் ஊர் வரும் நம் பிள்ளைகளில் இயன்மருத்துவம் படித்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் ஒரு சனிக்கிழமைக் காலையைப் பயிற்றுநர்களுக்கு ஒதுக்கினால் அது பத்துக் கேடயத்துக்குச் சமம்.

பெற்றோருக்குச் சொல்வதும் சுருக்கமானதே. பிள்ளைக்கு முதல் முறை சுளுக்கும்போது அதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த சுளுக்குக்குரிய மிகப் பெரிய காரணம் முந்திய சுளுக்கே. முறையாகக் கவனிக்காத சுளுக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் தளர்ச்சியாக மாறலாம். சுளுக்கியவர்களுள் பத்தில் நால்வர் வரை அந்த நிலையை அடைவதாக மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. மருத்துவரைப் பாருங்கள், எட்டு வாரம் பயிற்சி செய்வியுங்கள், இயன்றால் நல்ல காப்பு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். தசை தூங்கிவிடும் என்று எவராவது சொன்னால், ஓராண்டு காப்பு அணிந்தவர்களே குறைவாகச் சுளுக்கினார்கள் என்ற செய்தியைப் பணிவோடு சொல்லுங்கள்.

பதினான்கு வயதில் கணுக்கால் சுளுக்கி, பதினைந்து வயதில் மீண்டும் சுளுக்கி, பதினாறில் திடலை விட்டுப் போன பெண்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கால் நோவைப் பற்றி அவர்கள் பேசமாட்டார்கள். பிற்பகல் பாடசாலை மணி அடித்ததும் திடலுக்கு ஓடிய அந்தச் சில ஆண்டுகளைப் பற்றியே பேசுவார்கள். அந்த ஆண்டுகளை இன்றைய பிள்ளைகளிடமிருந்து பறிப்பதற்கு ஒரு கிழிந்த நாரும் ஒரு பழைய நம்பிக்கையும் போதுமானவையாக இருக்கக் கூடாது.